கடைசி அட்டையின் விலை

நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும் நம் மாணவர்களுக்குப் பழகிப்போனவை. தலை விழ 1/2, ஆறு விழ 1/6 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த 1/6 ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து எவ்வளவு பணத்தை எடுக்கும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிறது. அதற்காக ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நான் அமெரிக்கச் சிறுவர்களின் பேஸ்பால் அட்டைகளை எடுத்துக்கொள்கிறேன். தொகுப்பில் எத்தனை அட்டைகள், பாக்கெட்டில் எத்தனை, என்ன விலை என எல்லாம் தெளிவாகத் தெரிந்த ஓர் உதாரணம் அது.

உள்ளங்கை அளவு அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டப் புள்ளிவிவரம். முதலில் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்தது, பிறகு பபிள்கம்முடன் வந்தது. பாக்கெட் மூடியிருக்கும், பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். டாப்ஸ் நிறுவனத்தின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பில் மொத்தம் 792 அட்டைகள். ஒரு பாக்கெட்டில் 17 அட்டைகளும் ஒரு பபிள்கம்மும் இருக்கும். விலை 40 சென்ட்.

முழுத் தொகுப்பையும் சேர்க்க எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்டால், வகுப்பு உடனே வகுத்துவிடும்: 792-ஐ 17-ஆல் வகுக்க 47 பாக்கெட், 18 டாலர் 80 சென்ட். சிறிது நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “வந்ததே திரும்ப வந்தா என்ன டீச்சர் பண்றது?” பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

792 பெரிய எண். எனவே ஆறு அட்டைகள் மட்டுமே உள்ள ஒரு தொகுப்பைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறேன். பகடையின் ஆறு முகங்கள்தான் ஆறு ஆட்டக்காரர்கள். ஒரு முறை உருட்டுவது ஓர் அட்டை வாங்குவதற்குச் சமம். ஆறும் ஒரு முறையாவது விழும்வரை ஒவ்வொருவரும் உருட்டி, நேர்கோட்டுக் குறியிட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். பகடை போதவில்லை என்றால் ஆறு சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி எட்டாவது உருட்டலிலேயே முடித்துவிட்டு எழுந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்து வரிசையில் ஒருவன் முப்பதைத் தாண்டியும் ‘நான்கு’ விழாமல் பகடையைத் திட்டிக்கொண்டிருந்தான். இருவருமே ஒரே பகடையைத்தான் மாற்றி மாற்றி உருட்டினார்கள். எல்லாருடைய எண்களையும் கரும்பலகையில் நிகழ்வெண் பட்டியலாக எழுதிச் சராசரி கண்டால் 15-ஐ ஒட்டி வரும். ஏன் என்று இப்போது கணக்கிடலாம்.

முதல் உருட்டலில் எது விழுந்தாலும் புதியதுதான். அடுத்துப் புதியது விழ வாய்ப்பு 5/6. அதற்குச் சராசரியாக 6/5, அதாவது 1.2 உருட்டல்கள் தேவை. அதற்கடுத்து 1.5, பிறகு 2, பிறகு 3, கடைசி முகத்துக்கு மட்டும் 6. மொத்தம் 14.7. முதல் மூன்று முகங்களுக்கு 3.7 உருட்டல்களே போதும். கடைசி மூன்றுக்கு 11 ஆகிறது. இந்த இரண்டு எண்களையும் பலகையில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. சேகரிப்பவர் பாதித் தொகுப்பை எளிதில் சேர்த்துவிடுகிறார். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று அவருக்குத் தோன்றும் இடத்திலிருந்துதான் செலவு ஏறுகிறது.

இதே முறையில் 792-க்குக் கணக்கிட்டால், எல்லா அட்டைகளும் சம வாய்ப்புடன் கலந்திருப்பதாகக் கொண்டு, சராசரியாகச் சுமார் 338 பாக்கெட்டுகள் வருகின்றன. 47 பாக்கெட்டில் முடியும் என்று நினைத்தது, 135 டாலரைத் தொடுகிறது. பாதித் தொகுப்புக்கு 32 பாக்கெட் போதும்; மீதிப் பாதிக்கு 300-க்கு மேல். கடைசி ஓர் அட்டைக்காக மட்டும் சராசரியாக 47 பாக்கெட்டுகள் பிரிக்க வேண்டும். தொகுப்பு முழுவதற்கும் ஆகும் என்று மாணவர்கள் முதலில் வகுத்துச் சொன்ன அதே 47! ஆலையில் அட்டைகளை அடுக்கிய விதம் இவ்வளவு தற்செயலானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதிரிக் கணக்கு வேறு, கடைச் சரக்கு வேறு என்பதும் அவர்கள் அறிய வேண்டியதே.

இன்றைய பாக்கெட்டுகளில் அரிய அட்டைகளுக்கான வாய்ப்பை அச்சிட்டே விற்கிறார்கள். ஒன்றில் 1:24 என்று இருப்பதாகக் கொள்வோம். “அப்போ 24 பாக்கெட் வாங்கினா ஒண்ணு கண்டிப்பா வந்துடும்ல டீச்சர்?” என்ற கேள்வி தவறாமல் வருகிறது. ஒரு பாக்கெட்டில் கிடைக்காமல் போக வாய்ப்பு 23/24. அதை 24 முறை பெருக்கச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 0.36. இருபத்து நான்கு வாங்குபவர்களில் நூற்றுக்கு 36 பேர் வெறுங்கையுடன் நிற்பார்கள். இருபத்தைந்தாவது பாக்கெட்டுக்கு முந்தைய தோல்விகள் எதுவும் நினைவிருக்காது. ‘இவ்வளவு வாங்கியாச்சு, அடுத்ததில் வந்துவிடும்’ என்ற எண்ணத்தை மாணவர்களே உடைப்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

அதிர்ஷ்டக் கதைகளும் உண்மையே. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பால் ஸ்கீன்ஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின், உலகிலேயே ஒன்றே ஒன்றான அட்டை, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 1952ஆம் ஆண்டின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஆனால் இந்தத் தொகையின் பின்கதையையும் சொல்ல வேண்டும். அந்த வரிசை அட்டைகள் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்து விற்காமல் தேங்கின. 1960 வாக்கில், அவற்றை வடிவமைத்த சை பெர்கரே படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். எஞ்சியவை அரிதாயின. பழைய அட்டைகளின் விலையேற்றத்தைக் கண்டு 1980களின் பிற்பகுதியில் பலர் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் பாதுகாத்தார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்தன. அதனால் 1987 பாக்கெட்டுகள் பிரிக்கப்படாமலே இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன.

ஸ்கீன்ஸ் கதையைச் சொன்ன நாளில் வகுப்பிடம் ஒரு கேள்வி விட்டேன்: செய்தியில் வந்த சிறுவன் ஒருவன், அதே அட்டையை நினைத்து மற்றவர்கள் பிரித்த பாக்கெட்டுகள் எந்தச் செய்தியில் வரும்?

செலவைக் குறைக்கும் வழி ஒன்றையும் சோதித்துப் பார்க்கலாம். இருவர் இருவராக அமர்ந்து, இரண்டு தொகுப்புகளும் நிரம்பும்வரை உருட்டி, மிகுதியானவற்றை மாற்றிக்கொள்ளட்டும். தனித்தனியே முடிக்க இருவருக்கும் சேர்த்து 29.4 உருட்டல்கள், மாற்றிக்கொண்டால் சுமார் 24 போதும். நண்பர் கூடக்கூட ஆளுக்கு ஆகும் செலவு இன்னும் இறங்கும். அமெரிக்கச் சிறுவர்கள் பள்ளி இடைவேளையில் அட்டைகளை விரித்துவைத்துப் பேரம் பேசியது வெறும் விளையாட்டல்ல என்று மாணவர்களுக்கு இங்கே புரிகிறது.

இதற்கு இரண்டு பாடவேளைகள் வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பின்னங்களை விட்டுவிட்டுக் குறியிடுதல், பட்டை விளக்கப்படம், சராசரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கைபேசி விளையாட்டுகளில் காசு கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகளைப் பற்றி மாணவர்களே பேச்செடுப்பார்கள். எடுத்தால், அந்தப் பெட்டிக்கு என்ன வாய்ப்பு எழுதியிருக்கிறது, எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். அடுத்த வகுப்புக்கான கணக்கு அதிலேயே கிடைத்துவிடும்.