கொலாஸ்டமி பையோடு முதல் சில வாரங்கள்

குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் கொண்டுவந்து தைத்திருக்கும் ஸ்டோமா, உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி நரம்பு கிடையாது, பயப்படாமல் தொடலாம். துடைக்கும்போது துளி ரத்தம் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. நிறம் கறுத்தாலோ ஊதாவானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்டோமாவைச் சுற்றி ஒட்டியிருக்கும், மலம் சேரும் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். கனம் கூடினால் ஒட்டு பிரியும். பை மாற்றும்போது கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெயும் முகப்பவுடரும் வேண்டவே வேண்டாம், பை ஒட்டாது. ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒட்டும் தகட்டின் ஓட்டையை ஸ்டோமாவைவிட 2, 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டி ஒட்டுங்கள். உள்ளங்கையால் ஒரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள்; உடம்புச் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 6 முதல் 8 வாரம்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். பழைய அளவிலேயே வெட்டினால் சுற்றுத் தோல் புண்ணாகிவிடும், வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

வேட்டியோ புடவையோ, கட்டு ஸ்டோமாவின் மேல் இறுகக் கூடாது.

கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருக்கும், சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். அது பலவீனம் இல்லை. கணவனோ மனைவியோ ஒருமுறை பக்கத்தில் நின்று பை மாற்றுவதைப் பார்க்கட்டும். மனபாரம் பாதி அங்கேயே இறங்கும். வெளியே கிளம்பினால், அளவாக வெட்டிய மாற்றுப் பை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.