இரண்டு இலக்கம் போதவில்லை!

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் போகும் கண்டெய்னர்களைக் கவனித்திருப்பீர்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். நம் வீட்டுப் பட்டியல்களுக்கு நாமோ 01, 02 என்று இரண்டே இலக்கத்தில் எண் கொடுத்துவிடுகிறோம். நூறாவது வந்தால்?

எச்.எல்.ஏ. டேட்டாபேஸில் இதுதான் நடந்தது. எலும்பு மஜ்ஜை தருபவருக்கும் நோயாளிக்கும் எச்.எல்.ஏ. ஜீன்கள் பொருந்த வேண்டும். சென்னையில் 2009ல் தொடங்கிய தாத்ரி பதிவேடு தேடுவதும் இந்தப் பொருத்தத்தைத்தான். இந்த ஜீன்களின் வேறுபாடுகளைத் தொகுக்கும் டேட்டாபேஸ் 1998 டிசம்பரில் இன்டர்நெட்டுக்கு வந்தது. லண்டன் ஆன்டனி நோலன் ஆய்வு நிறுவனம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. ஆயிரத்திற்கும் குறைவாக இருந்த பதிவுகள் இன்று 40,000ஐத் தாண்டிவிட்டன.

ஏ*0201, ஏ*0202 என்று போன வரிசை 99ல் முட்டி நின்றது. ஏ*9201 என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். பெயரைப் பார்த்தால் வேறு குடும்பம் போலத் தெரியும்; சிகிச்சை விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆகாது. 2010 ஏப்ரலில் நடுவில் முக்காற்புள்ளி வைத்தார்கள். ஏ*9201 ஏ*02:101 ஆனது. இனி எத்தனை இலக்கமும் வளரலாம்.

எக்ஸெலில் வெறும் 02:01 என்று டைப் செய்து பாருங்கள். அதை நேரம் என்று எடுத்துக்கொள்ளும்! (எக்ஸெலுக்கு இந்த அவசரப் புத்தி உண்டு.) எனவே முதலில் காலத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர் டேபில் 'டெக்ஸ்ட்' என மாற்றி ஓகே கொடுங்கள். பிறகு டைப் செய்யுங்கள்.

இன்னொன்று. நீக்கிய பதிவின் எண்ணைப் புதியதற்குக் கொடுக்காதீர்கள். எச்.எல்.ஏ. டேட்டாபேஸிலும் நீக்கிய பெயர் திரும்ப வராது.