புனையா ஓவியமும் கணிப்பொறித் துகிலிகையும்

வண்ணம் தீட்டப்பெறாது கோடுகளால் மட்டும் அமைந்த ஓவியத்தைப் புனையா ஓவியம் என்று நம் முன்னோர் வழங்கினர். நெடுநல்வாடையில் இத்தொடர் ஆளப்பட்டுள்ளது. கோடு வேறு, வண்ணம் வேறு. முன்னது முடிந்த பின்னரே பின்னது தொடங்கும் என்னும் தொழில்முறை அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கக் காண்கிறோம். கணிப்பொறியில் படம் வரைவோரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். தாளில் பென்சிலால் வரைந்ததை ஸ்கேனர் வழியே உட்கொணர்ந்து, அழுக்கு நீக்கி, கோட்டைத் தனியே பிரித்து, அதன்பின் வண்ணம் ஊட்டுகின்றனர். இப்பணிக்குப் பெரிதும் கையாளப்பெறும் ஃபோட்டோஷாப் மென்பொருளின் விசைக் குறுக்குவழிகள் சிலவற்றை, அவை செய்யும் செயலின் விளக்கத்தோடு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விசையை மனப்பாடம் செய்வது எளிது. விசையின் பின்னே நிகழ்வதை அறியாதவர் அரிய படமொன்றைக் கணப்பொழுதில் கெடுத்துவிடவும் கூடும்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், தம் திரையில் சாம்பல்நிறப் படங்களைக் காட்டுவதற்கென ஒரு நிரல் எழுதினார். அவர் உடன்பிறந்தார் ஜான் நோல் திரைப்படத் தந்திரக் காட்சிகள் அமைக்கும் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். இருவர் உழைப்பும் சேர்ந்து வளர்ந்த அந்நிரலே 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வழி ஃபோட்டோஷாப் என வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைப்பது போன்ற லேயர் என்னும் அடுக்கு வசதி 1994இல் மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. நாம் இங்குப் பேசவிருப்பன அனைத்தும் அவ்வசதியையே பற்றி நிற்கின்றன.

முதற்கண் ஸ்கேன். பென்சில் கோட்டைக் கறுப்பு-வெள்ளை என்னும் இருநிலை முறையில் எடுத்தல் ஆகாது. சாம்பல்நிற முறையில், அங்குலத்திற்கு 300 புள்ளிகளேனும் அமைய எடுத்தல் வேண்டும். திறந்தவுடன் கண்ட்ரோல் விசையுடன் ஜே அழுத்துக. படத்தின் நகல் ஒன்று தனி அடுக்காக மேலே அமையும். மூலம் கீழே தீண்டப்படாமல் இருக்கும். இதனைச் செய்யாமல் அடுத்த விசைக்குச் செல்லுதல் கூடாது என்பதை மாணாக்கர்க்கு நான் கண்டிப்பாகவே சொல்வதுண்டு. ஆப்பிள் கணிப்பொறி உடையோர் கண்ட்ரோலுக்குக் கமாண்ட் என்றும், ஆல்ட்டுக்கு ஆப்ஷன் என்றும் கொள்க.

அடுத்தது கண்ட்ரோல்-எல். இது லெவல்ஸ் என்னும் ஒளிநிலைப் பலகையைத் திறக்கும். கணிப்பொறி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கின்றது. 0 முழுக் கருமை, 255 முழு வெண்மை. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும் தாள், ஸ்கேன் செய்தபின் 225 அளவிலேயே நிற்கக்கூடும். அழுத்தமான பென்சில் கோடு 65 அளவில் நிற்கக்கூடும். கருமுனையை 65இலும் வெண்முனையை 225இலும் வைத்தால், இடைப்பட்ட 160 படிகளும் 255 படிகளாக நீட்டப்பெறும். அதாவது 225 முழு வெண்மையாகும். 65 முழுக் கருமையாகும். நடுவில் 145 ஆக இருந்தது ஏறத்தாழ 128 ஆகும். தாளின் மங்கலும் பின்பக்க நிழலும் மறைந்து கோடு எடுப்பாக நிற்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஓவியர் முதலில் மெல்லிய கோடுகளால் உருவை அளந்து பார்ப்பார். அத்தகைய கோடொன்று 210 அளவில் இருப்பதாகக் கொள்வோம். வெண்முனை 225இல் இருந்தால் அது 231 ஆக மெலிந்தேனும் பிழைத்திருக்கும். படம் இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வெண்முனையை 205க்கு இழுத்தால் அக்கோடு இல்லாமற் போகும். ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும்போது உ.வே.சாமிநாதையர் பாட வேறுபாடுகளைத் தூக்கியெறியாமல் அடிக்குறிப்பில் காத்துவைத்தார். மூலத்தில் கொள்ளாததும் அறிஞர் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்பது பதிப்பு நெறி. கோட்டோவியத்தைத் தூய்மை செய்பவரும் ஒருவகையில் பதிப்பாசிரியரே. அழிப்பானால் நேரே தேய்ப்பதைக் காட்டிலும், லேயர் மாஸ்க் எனப்படும் மறைப்புத்திரையில் கறுப்புப் பூசி மறைப்பதையே நான் விரும்புவேன். வெள்ளை பூசினால் மறைந்தது மீளும். டி விசை கறுப்பு-வெள்ளையைக் கொணரும். எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். பி விசை தூரிகையைத் தரும். பகர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் தூரிகையின் பருமனைக் குறைக்கவும் கூட்டவும் உதவும்.

இனிக் கோட்டைத் தாளிலிருந்து உரித்தெடுக்கும் முறை. இது உண்மையிலேயே வியப்புக்குரியது. படத்தை முதலில் ஆர்.ஜி.பி. நிறமுறைக்கு மாற்றிக்கொள்க. கண்ட்ரோல்-ஆல்ட்-2 அழுத்தினால் ஒளியுள்ள பகுதி அதனதன் அளவுக்கேற்பத் தெரிவாகும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஐ அத்தெரிவைத் தலைகீழாக்கும்; இப்போது கோடுகள் மட்டும் தெரிவில் நிற்கும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-என் புதிய அடுக்கு தரும். டி விசைக்குப் பின் ஆல்ட்டுடன் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அதில் கறுப்பு நிரம்பும். கண்ட்ரோல்-டி தெரிவை நீக்கும். கீழுள்ள அடுக்குகளை மறைத்துவிட்டுப் பார்த்தால், தாளே இல்லாமல் கோடு மட்டும், அழுத்தமும் மென்மையும் குன்றாமல், கண்ணாடியில் வரைந்தது போல் நிற்கும். கோட்டைச் செம்பழுப்பாக்க விரும்பின், அந்நிறத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்-ஆல்ட்-பேக்ஸ்பேஸ் அழுத்துக. கோடு உள்ள இடமன்றிப் பிற இடம் நிறம் பெறாது.

அவ்வளவு நுட்பம் வேண்டாதவர் கோட்டு அடுக்கை மல்டிப்ளை என்னும் பெருக்கல் முறையில் வைத்து, அதன் கீழே புதிய அடுக்கில் வண்ணம் தீட்டலாம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுப்பதே இம்முறை. மேலே வெண்மையாயின் கீழுள்ள வண்ணம் அப்படியே தெரியும்; மேலே கருமையாயின் கருமையே எஞ்சும். ஷிஃப்ட்-ஆல்ட்-எம் இதற்குரிய விசை. கையில் தூரிகை இருக்கும்போது அழுத்தினால் அடுக்கின் முறை மாறாது, தூரிகையின் முறை மாறிவிடும். வி விசையால் நகர்த்துங்கருவிக்கு மாறிய பின் அழுத்துக.

தீட்டிய வண்ணத்தை மாற்றக் கண்ட்ரோல்-யு. வண்ணங்கள் 360 பாகை கொண்ட வட்டமாக இங்கு எண்ணப்படுகின்றன. சிவப்பிலிருந்து 120 பாகை சென்றால் பச்சை. எதிர்த்திசையில் 120 சென்றால் நீலம். சிவப்புச் சேலையைப் பச்சையாக்க முனைவோர் பலர், உடுத்தியவர் முகமும் பச்சையாவது கண்டு திகைப்பர். மனிதத் தோலின் நிறம், எவ்வினத்தார்க்கும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலேயே அமைவதுதான் காரணம். சேலையை முதலில் தெரிவு செய்துகொள்ளல் வேண்டும். தூய கருமைக்கும் தூய வெண்மைக்கும் இவ்வழியில் நிறமேற்ற இயலாது என்பதையும் அறிக.

ஒளிநிலையையும் நிறத்தையும் மாற்றுவது அழகு பற்றிய செயல் மட்டுமன்று. 1994 ஜூனில், கொலைக் குற்றச்சாட்டில் கைதான ஓ.ஜே. சிம்ப்சன் என்னும் கறுப்பின விளையாட்டு வீரரின் காவல்துறைப் புகைப்படத்தை டைம், நியூஸ்வீக் ஆகிய இரு அமெரிக்க இதழ்களும் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக் உள்ளவாறு வெளியிட்டது. டைம் இதழின் அட்டையில் அம்முகம் மேலும் கருமையாக்கப்பட்டிருந்தது. வழக்கு முடியுமுன்னரே படம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றும், நிறவெறிக்குத் துணைபோயிற்று என்றும் கண்டனம் எழுந்தது. 1995இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளியல்லர் என்றது. அட்டையோ வரலாற்றில் நின்றுவிட்டது.

பிறர் ஓவியத்தை நிறம் மாற்றுவோர் சட்டத்தையும் நினைத்தல் நலம். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பின்னரும், தம் புகழுக்கு ஊறு நேரும் வகையில் படைப்பு சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமையைப் படைத்தவர்க்கு அளிக்கின்றது. தில்லி விஞ்ஞான் பவனில் தாம் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

எஞ்சியது சேமிப்பு. கண்ட்ரோல்-எஸ் பழைய கோப்பின்மீதே எழுதிவிடும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ் புதுப் பெயரில் எழுதும். முதல் முறை இரண்டாவதையே அழுத்துக. பி.எஸ்.டி. வடிவம் அடுக்குகளைக் காக்கும். ஜேபெக் அனைத்தையும் ஒன்றாக்கி, நுணுக்கத்தில் ஒரு பகுதியையும் இழந்துவிடும். ஸ்கேன் செய்த மூலக் கோப்பை வேறொரு வட்டில் தனியே வைத்துவிட்டு, பென்சில் தாளை அதை வரைந்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாம்.