பறக்கும் ஓணான் பறவைக்குப் பாட்டன் அல்ல

நம்பிக்கை: நம் மலையோரத்துப் பறக்கும் ஓணான்தான் காலப்போக்கில் பறவையாயிற்று.

உண்மை: இல்லவே இல்லை. மரம் விட்டு மரம் சறுக்கும் அந்தப் பிராணியின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் இந்தக் கதையும் கூடவே வருகிறது. பரப்புகிறவர்கள் படித்தவர்கள் என்பதுதான் பொறுக்கவில்லை. பள்ளியில் படித்த விலங்கியல் எங்கே போயிற்று?

ஓணானின் ‘இறக்கை’, நீண்ட விலா எலும்புகள் தாங்கும் தோல். நான்கு கால்களும் தனியாகவே இருக்கும். பறவையின் இறக்கையோ முன்னங்கை. நம்பாதவர்கள் கறிக்கு வாங்கும் கோழியின் இறக்கையைப் பிரித்துப் பாருங்கள்: மேற்கையில் ஓர் எலும்பு, கீழ்க்கையில் இரண்டு, நுனியில் குறுகிப்போன விரல்கள். விலா எலும்பு எப்படி ஐயா கையாகும்? ஓணானின் இதயத்துக்கு மூன்று அறை. கோழிக்கு நான்கு, முதலைக்கும் நான்கு. இன்று உயிரோடிருக்கும் ஊர்வனவற்றில் பறவைக்கு நெருங்கிய உறவு முதலைதான்.

பறவையின் பாட்டன்மார் இரண்டு காலில் நடந்த டைனோசர்கள். 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் சுமார் 15 கோடி ஆண்டு பழையது. அந்தப் பறவைக்கு இறகு உண்டு. பல், நீண்ட எலும்பு வால், கையில் நகம் வைத்த மூன்று விரல்களும் உண்டு. 1951இல் கிடைத்த இன்னொன்றை, இறகுத் தடம் மங்கியிருந்ததால், சிறு டைனோசர் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். எலும்புகள் அவ்வளவு ஒத்துப்போகின்றன. 1996இல் சீனாவின் லியாவோனிங்கில் அறியப்பட்ட சைனோசரோப்டெரிக்ஸ், பறக்கவே முடியாத டைனோசர். அதன் உடம்பிலும் இழை இழையாக இறகு. முதலில் இறகு, பிறகுதான் பறத்தல்.

நம்பிக்கை: வௌவால் பாதிப் பறவை.

உண்மை: குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. அவ்வளவுதான்.

நம்பிக்கை: டைனோசர்கள் பூண்டோடு அழிந்தன.

உண்மை: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மற்றவை அழிந்தன. பறவைக் கிளை தப்பிப் பிழைத்தது.

நம்பிக்கை: நாஞ்சில் நாட்டு மலைகளைத் தோண்டினால் ஆதிப்பறவையின் எலும்பு கிடைக்கும்.

உண்மை: இங்குள்ள சார்னோகைட் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருவானவை. அப்போது பறவையும் இல்லை, டைனோசரும் இல்லை. டைனோசர் எலும்புக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கும் எச்சரிக்கை தேவை: 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரபரப்பானவை, கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளைச் சுற்றி உருண்டையாகத் திரண்ட கற்கள்.

தப்பிப் பிழைத்த அந்தக் கிளை நம் குளங்களில் இரை தேடுகிறது. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் மட்டும் பறவையைக் காப்பாற்றாது. குளத்தை நிரவாதீர்கள், கரையில் குப்பை கொட்டாதீர்கள். ஆசிரியர்களே, வருடத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுங்கள்.