மெத்தையைப் புரட்டிப் பார்க்காமல் படுக்காதீர்கள்

ஸ்பெயினின் காமினோ யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறோம் என்று வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஷூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் மெத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரான்ஸ் எல்லையோர ஊரான சேன் ழான் பியே தெ போரிலிருந்து யாத்திரை முடியும் சாந்தியாகோ வரை இந்தப் பாதை சுமார் 780 கி.மீ. வழிநெடுக யாத்ரிகர் விடுதிகள் உண்டு. அவற்றை ‘ஆல்பெர்கே’ என்பார்கள். ஊராட்சி விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்குக் கட்டில். யாத்ரிகர் அட்டையைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வழக்கமாக ஒரு ராத்திரிதான் தங்கலாம். 10 மணிக்கு விளக்கு அணையும், காலை 8 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

பழகாதது மூட்டைப்பூச்சி.

பூர்கோஸ் நகரம் தாண்டி, நிழலே இல்லாத மெசெத்தா சமவெளியில் ஒரு தனியார் விடுதி. நான் மெத்தையைத் தூக்கப் போனேன். கூட வந்த நண்பர் கையைப் பிடித்தார். “எதுக்கு சார் இவ்வளவு சந்தேகம்? நாலு பேர் பாக்கறாங்க, பேசாம படுங்க.” நாலு பேர் பார்ப்பார்கள் என்பதற்காகப் படுத்த அந்த ஒரு ராத்திரிதான் பயணம் முழுவதிலும் எனக்கு அதிக நஷ்டம் வைத்தது. விடிந்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகத் தடிப்பு. விடுதிக்காரர் “கொசு” என்றார். நண்பரும் தலையாட்டினார்.

அடுத்த ஊர் விடுதியில் சேவை செய்த அம்மாள் என் கையைப் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பை, ஸ்லீப்பிங் பேக், துணி எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டச் சொல்லி, டிரையரில் போடக்கூடியதை எல்லாம் அதிகச் சூட்டில் ஓட்டினார். பிறகு ஒரு மெத்தையின் ஓரத்தையலை விரலால் பிரித்துக் காட்டி, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மை தெறித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் அங்கே இருந்தால் பூச்சி இருக்கிறது. பிறகு லெயோன் நகரில் மருந்து வாங்கிக்கொண்டு நான் ஓய்வெடுக்க, நண்பர் முன்னால் நடந்து போய்விட்டார்.

ஆகவே, கட்டில் கிடைத்ததும் முதல் வேலையாக டார்ச் அடித்துத் தையலையும், கட்டில் சட்டத்தின் இடுக்கையும், தலைமாட்டுச் சுவரையும் பாருங்கள். பையை ஒருபோதும் மெத்தைமேல் வைக்காதீர்கள். பூச்சி தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வேறு இடம் தேடுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் மத்தியானம் 2 மணிக்குள் ஊர் போய்ச் சேருங்கள் என்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்றால் நம்ப வேண்டாம். கடித்தாலும் சிலருக்குத் தடிப்பே வராது, சிலருக்குச் சில நாள் கழித்து வரும்.

“பேசாமல் ஹோட்டலில் தங்கியிருக்கலாமே” என்று ஊர் திரும்பியதும் உறவினர்கள் சொன்னார்கள். நட்சத்திர ஹோட்டலிலும் மூட்டைப்பூச்சி வரும். ஆனால் வழியிலுள்ள கிரான்யோன் ஊரின் தேவாலய விடுதியைப் போலத் தரையில் மெத்தை விரித்துப் படுத்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவது எந்த ஹோட்டலில் கிடைக்கும்? அங்கே கட்டணம் இல்லை; நாம் பெட்டியில் போடும் பணத்தில்தான் அடுத்து வருபவருக்குச் சாப்பாடு. கஞ்சத்தனம் பார்க்காமல் போடுங்கள்.

விடுதியிலேயே தங்குங்கள். யார் சிரித்தாலும் சரி, மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.