ஒரே சட்டியில் அனைவருக்கும்: மஞ்சள் பூசணிக் கோழிக் குழம்பு

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு: "தீபாவளிக்குக் கறிக்குழம்பு சாப்பிடலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், உடன் வந்திருக்கும் மனைவியோ மகளோதான். சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி முதலாக மதுரையைச் சூழ்ந்த ஊர்களில், தீபாவளிக் காலை இட்லியோடும் கிடாவெட்டு விருந்திலும் உறவைக் கூட்டுவது கறிக்குழம்பே. அதனால் இக்கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடுவதில்லை.

நீரிழிவோ இதய நோயோ வந்தவருக்கு மட்டும் கஞ்சி வைத்து, மற்றவர்களுக்குக் குழம்பு பரிமாறும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. அந்தத் தனித்தட்டு நெடுநாள் நிலைப்பதில்லை. சிலர் பத்தியத்தையே கைவிடுகின்றனர். வேறு சிலர் பசியில்லை என்று உணவைக் குறைத்துத் தசை மெலிகின்றனர். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும். ஆகவே மாற்ற வேண்டியது நோயாளியின் தட்டை அன்று. குடும்பத்தின் குழம்புச் சட்டியை.

எதை மாற்றுகிறோம்?

நம் கறிக்குழம்பில் தீங்கு செய்பவை கொழுப்பு மிகுந்த கறி, தேங்காய் முந்திரி விழுது, மிதக்கும் எண்ணெய், மிகையான உப்பு ஆகியவை. குழம்பைக் கெட்டியாக்கும் வேலையைத் தேங்காய்க்குப் பதிலாக மசித்த மஞ்சள் பூசணியும் தட்டைப்பயறும் செய்யும். அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் பூசணி, பயறு, கொழுப்பு குறைந்த இறைச்சி ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்துச் 'சில்லி' என்னும் காரக்குழம்பு செய்வதுண்டு. பூசணியும் மிளகாயும் அக்கண்டத்திலிருந்து நமக்கு வந்தவையே.

பூசணி இனிப்பானதாயிற்றே என்று நீரிழிவு உள்ளோர் அஞ்சுவர். 100 கிராம் மஞ்சள் பூசணியில் மாவுச்சத்து ஏறத்தாழ 7 கிராம்தான். 150 கிராம் சோற்றிலோ 40 கிராமுக்கு மேல்.

தேவையானவை (நால்வருக்கு)

- தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி: 300 கிராம்
- தோல் சீவிய மஞ்சள் பூசணித் துண்டுகள்: 400 கிராம்
- தட்டைப்பயறு: 100 கிராம் (இரவே ஊறவைத்தது)
- சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி
- மல்லி 2 தேக்கரண்டி, மிளகு 1, சீரகம் 1 தேக்கரண்டி, வரமிளகாய் 3
- நல்லெண்ணெய் 4 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள், கறிவேப்பிலை

செய்முறை

1. ஊறிய பயற்றையும் பூசணியில் பாதியையும் குக்கரில் வேகவைத்து, கரண்டியால் மசிக்கவும்.
2. மல்லி, மிளகு, சீரகம், மிளகாயை எண்ணெயின்றி வறுத்து அரைக்கவும்.
3. எண்ணெயில் கறிவேப்பிலை, வெங்காயம், விழுது, தக்காளியை வதக்கி, மஞ்சள்தூள், அரைத்த மசாலா, கறி சேர்த்துப் புரட்டவும்.
4. நீரூற்றி மூடி 10 நிமிடம் கொதித்தபின், மீதிப் பூசணியையும் மசித்த கலவையையும் சேர்க்கவும். உப்பைக் கடைசியில் இட்டு, கறியும் பூசணியும் நன்கு வேகும்வரை மிதமான தீயில் வைக்கவும்.

ஒருவரின் பங்கில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் கிடைக்கும்; உப்பு 1 கிராம் அளவே சேரும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்புக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடை மசாலாக்கள் சிலவற்றில் உப்பு முன்னரே கலந்திருக்கும் என்பதால், பொட்டலத்தைப் படித்து வாங்குக.

மீந்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு கொதிக்கவிட்ட பின்னரே பரிமாறுக.

யார் முதலில் கேட்க வேண்டும்?

சிறுநீரக நோயுள்ளோர் எங்களிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்காமல் இதை உண்ண வேண்டாம். பூசணி, தக்காளி, பயறு மூன்றிலும் பொட்டாசியம் உள்ளது. புரதத்துக்கும் அவர்களுக்கு வரையறை இருக்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கும், இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சிலவகை மாத்திரை உண்போருக்கும் அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

இக்குழம்போடு சோற்றின் அளவைக் குறைப்பது நன்று. இன்சுலின் போடுவோர் மட்டும் திடீரெனப் பாதியாகக் குறைக்காமல், எங்களிடம் கூறி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு குறைக்கவும்.

அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு, வீட்டில் பயன்படுத்தும் உப்பு, மசாலாப் பொட்டலங்களையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.