இணையப் பாடமும் பதிப்பு மூலமும்

சங்கப் பாடல்களை இணையத்தில் தேடும் முதுகலை மாணவர், முதலில் கிடைத்த பாடத்தையே மூலமாகக் கொள்வது பெருவழக்காகிவிட்டது. இணைய முகவரி மூலமாகாது. பாடம் எப்பதிப்பினின்று எடுக்கப்பட்டது என்பதே வினா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைச் சுட்டினார். அக்குறிப்புகள் நீங்கிய வெறும் பாடமே இணையத்தில் பெரிதும் உலவுகிறது. ஐயத்திற்கிடமான சொல்லும் அங்கே ஐயமற்றதாகத் தோன்றும்; ஆய்வேட்டின் வாதம் அச்சொல்லையே பற்றி நிற்குமாயின் இழப்பு சிறிதன்று. மற்றொரு தளத்தோடு ஒப்பிடுவதும் (இதனையே பலர் சரிபார்ப்பு என்கின்றனர்) போதாது; இரண்டும் ஒரே தட்டச்சுப் படியின் நகல்களாக இருக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், உள்ளீடு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் விவரங்களை முகப்பிலேயே தருகின்றன. மாணவர் முதலில் படிக்கவேண்டிய பகுதி அதுவே. பின்னர், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலுள்ள பழம்பதிப்புப் படிமங்களில் அப்பாடலை அடிக்குறிப்புடன் ஒப்பிடலாம்.